யன்னல் கண்ணாடி, போத்தல், கனடாக் கண்ணாடி: மூன்றையும் ஒரே தட்டில் உருக்கலாமா?

கேள்வி இதுதான்: கிளிநொச்சியில் ஆறு சிநேகிதிகள் சேர்ந்து, ஒருவருடைய வீட்டு விறாந்தையில், ஒரு நாள் தனி வகுப்பாகக் கண்ணாடியை உருக்கி ஒட்டும் கலையைப் பழகப் போகிறார்கள். 3 கிலோவாட் மின்சூளை ஒன்று உண்டு. அதன் உள்தட்டு 40 செ.மீ. சதுரம். கைவசம் இருப்பவை கடையில் மிஞ்சிய யன்னல் கண்ணாடித் துண்டுகள், பழைய போத்தல்கள், கனடாவில் இருந்து உறவினர் கொண்டுவந்த கலர்க் கண்ணாடி. முன்பு இவற்றைக் கலந்து செய்த ஒரு தட்டு சூளையில் இருந்து முழுதாக வெளியே வந்து, அடுத்த நாள் மேசையில் இருந்தபடியே வெடித்திருக்கிறது. அது ஏன்? இந்தமுறை ஆறு பேருக்கும் ஒழுங்காக வர என்ன செய்யவேண்டும்?

மூன்றையும் கலக்கவேண்டாம். ஒரு பொருளுக்குள் போகிற கண்ணாடி முழுவதும் ஒரே வகையாக இருக்கவேண்டும். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை அழகைத்தான் கெடுக்கும்; இந்தத் தவறு பொருளையே உடைத்துவிடும்.

சூட்டில் விரிந்த கண்ணாடி ஆறும்போது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது அதன் சேர்மானத்தைப் பொறுத்தது. அந்த விரிவு அளவைத்தான் 83, 90, 96, 104 என்று எண்ணாகச் சொல்வார்கள். யன்னல் கண்ணாடி 83ஐ அண்டி நிற்கும். உருக்கு வேலைக்கென்று செய்யப்படும் கலர்க் கண்ணாடி 90 அல்லது 96. விளக்குச் சுவாலையில் மணி செய்பவர்கள் பாவிக்கும் இத்தாலியக் கோல்கள் 104. ஏறத்தாழ 520 பாகையில் கண்ணாடி இறுகிவிடும், அதன்பிறகு அது வளைந்து கொடுக்காது. அங்கிருந்து 30 பாகைக்கு வரும்போது 10 செ.மீ. நீளமான யன்னல் கண்ணாடி 0.41 மி.மீ. சுருங்கும், 96 வகை 0.47 மி.மீ. சுருங்கும். வித்தியாசம் 0.06 மி.மீ., ஒரு தலைமயிரின் தடிப்பு. இரண்டும் உருகி ஒன்றாகிவிட்டதால் ஒன்று மற்றதை விட்டு வழுக்கிப் போகவும் முடியாது. இழுவை உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். இரவு குளிர்ந்து காலை வெயில் ஏறினாலோ, மேசையில் ஒரு தட்டுப் பட்டாலோ அந்த இழுவை வெடிப்பாக வெளியே வரும். அடுத்த நாள் மேசையில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

அந்த உடைந்த துண்டுகளை எறிந்திருக்காவிட்டால் எடுத்துப் பாருங்கள். வெடிப்பு கலர்த் துண்டின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியிருந்தால் கண்ணாடி வகை பொருந்தவில்லை. எந்த வடிவத்தையும் பொருட்படுத்தாமல் நடுவாலே வளைந்து, பாம்பு போனமாதிரி ஓடியிருந்தால் ஆறவிட்ட விதம் பிழை. உடைந்த விளிம்பு விரலுக்கு மழுங்கலாக இருந்தால் அது சூடேறும்போதே உடைந்து, பிறகு உருக்குச் சூட்டில் விளிம்பு உருண்டிருக்கிறது. அதாவது தொடக்கத்தில் வேகமாகச் சூடேற்றிவிட்டீர்கள். விளிம்பு கூராக இருந்தால் ஆறும்போதோ அதற்குப் பிறகோ உடைந்தது.

தனியாகச் செய்பவர் தன் துண்டு எங்கிருந்து வந்தது என்று நினைவில் வைத்திருப்பார். ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து கதைத்துக்கொண்டு வேலை செய்யும்போது அந்த நினைவு நிற்காது. ஒருவர் வெட்டி மிஞ்சிய நீலத் துண்டை மற்றவர் ஆசையாக எடுத்து வைப்பார். நிறமில்லாத கண்ணாடிகள் இன்னும் மோசம், யன்னலும் 96உம் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஆகவே அந்த நாளில் மேசைக்கு ஒரே வகைக் கண்ணாடி மட்டும் வரட்டும். மற்றது வேறு அறையில், மூடிய பெட்டியில் இருக்கட்டும். கனடாக் கண்ணாடியில் 90 அல்லது 96 என்ற ஒட்டுத்தாள் இல்லையென்றால் நிறத்தைப் பார்த்து ஊகிக்கவேண்டாம். போத்தல்களில் ஒவ்வொரு தொழிற்சாலையின் சேர்மானமும் வேறு என்பதால், ஒரு பொருளுக்குள் ஒரு போத்தலின் கண்ணாடி மட்டும்தான். பச்சைப் போத்தலையும் மண்ணிறப் போத்தலையும் சேர்த்து அழகு பார்க்க முடியாது.

முதல் வகுப்புக்கு யன்னல் கண்ணாடியையே சொல்வேன். கலர் குறைவுதான், ஆனால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அலுமினிய யன்னல் பொருத்தும் கடைகளில் 3 மி.மீ. கண்ணாடி சதுர அடிக் கணக்கில் கிடைக்கும், பிழைத்தாலும் மனம் நோகாது. பல இடத்துத் துண்டுகளைப் பொறுக்காமல் ஒரே கண்ணாடித் தாளில் இருந்து 3 சதுர அடி வாங்குங்கள். அதிலேயே 10 செ.மீ. சதுரங்கள் 12 வெட்டித் தரச் சொல்லுங்கள். மீதியைத் தாளாகவே எடுத்து வாருங்கள். கடைக்காரரிடம் 'ரெம்பர்' பண்ணாத, அதாவது சூடாக்கிச் சடுதியாக ஆறவைத்து உறுதியாக்காத, கண்ணாடி என்று சொல்லிக் கேளுங்கள். ரெம்பர் பண்ணியதை வெட்டினால் குறுணியாகக் கொட்டிவிடும். பின்பூச்சு உள்ள முகம் பார்க்கும் கண்ணாடியும், வெயில் மறைக்கும் பூச்சுள்ள கண்ணாடியும் வேண்டாம்.

பழைய கண்ணாடி தேடி இடிந்த வீடுகளுக்குள்ளும் பற்றைக் காணிகளுக்குள்ளும் போகவேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை முடியாத காணிகள் இன்னும் இருக்கின்றன. ஒரு போத்தலுக்காக அந்த மண்ணைக் கிண்டத் தேவையில்லை.

யன்னல் கண்ணாடிக்கு இரண்டு முகம் உண்டு. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்வதால் ஒரு முகத்தில் வெள்ளீயம் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏறியிருக்கும். அந்த முகம் மேலே இருந்தால் சுட்டபின் பனி படிந்தமாதிரி மங்கல் வரலாம், கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. குற்றலை புறஊதா விளக்கில் அந்த முகம் பால்போல ஒளிரும். விளக்கு இல்லாவிட்டால், வெட்டுவதற்கு முன்பே தாளின் ஒரு முகம் முழுக்க மார்க்கரால் கோடுகள் இழுத்துவிடுங்கள். பிறகு எத்தனை துண்டானாலும் எது எந்த முகம் என்று தெரியும். இரண்டு சிறு துண்டை, ஒன்று கோடு மேலே, மற்றது கோடு கீழே இருந்த நிலையில், மையை அழித்துவிட்டு முன்கூட்டியே சுட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

கலருக்கு என்ன செய்வது? செம்பு இருக்கிறது. வளையும் மின்வயருக்குள் இருக்கும் மயிர்போன்ற செம்புக் கம்பிகளைச் சுருட்டி இரண்டு தாளுக்கு நடுவே வைத்தால், காற்று எவ்வளவு பட்டது என்பதைப் பொறுத்துச் செந்நிறம் முதல் நீலப்பச்சை வரை வரும். அரை மி.மீ.க்கு மேல் தடித்த கம்பி வைத்தால் அந்த இடத்திலேயே வெடிக்கும், உலோகத்தின் சுருக்கம் வேறு. நன்றாக உலர்த்தி, புத்தகத்துக்குள் அழுத்தி வைத்த மெல்லிய இலையும் வைக்கலாம். இலை எரிந்துபோய் நரம்போடு வெண்சாம்பலாக நிற்கும், சுற்றிவரச் சில குமிழியும் வரும். கண்ணாடிக்கென்று விற்கும் எனாமல் தூள்களில் ஈயம் உள்ளவையும் உண்டு. அவற்றைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பாவிக்கக்கூடாது.

மிஞ்சிய தாளில் இருந்து அலங்காரத் துண்டுகளை வெட்டுவதுதான் வகுப்பின் முதல் பாடம். கட்டரின் சில்லில் ஒரு துளி மண்ணெண்ணெய் தொட்டு, விளிம்பில் இருந்து எதிர் விளிம்புவரை ஒரே இழுவையாக இழுக்கவேண்டும். பட்டுத்துணி கிழிகிறமாதிரி மெல்லிய, இடைவிடாத சத்தம் கேட்டால் அமுக்கம் சரி. வெண்தூளும் சிதறலும் பறந்தால் அமுக்கம் அதிகம். ஒரு கோட்டுக்கு மேல் இரண்டாம் தடவை இழுத்தால் கீறல் கண்டபாட்டுக்கு ஓடும், கட்டரின் சில்லும் கெடும். கீறிய உடனே உடையுங்கள். கீறிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் அது இலேசில் பிரியாது. கோட்டின் இரு பக்கமும் பெருவிரல்களை வைத்து, கீழே சுட்டுவிரல்களால் தாங்கி, வெளிப்பக்கமாக வளைத்தால் போதும். ஒடுக்கமான துண்டுக்குத் தட்டை வாய்க் குறடு வேண்டும்.

ஆறு பேருக்கு மூன்று கட்டர் போதும், ஆனால் கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி ஆறும் வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தைக்கு ஏறுவது எங்கள் வழக்கம். அன்றைக்கு மட்டும் மூடிய சப்பாத்து. வேலை முடிந்தபின் விளக்குமாறு போடவேண்டாம், கண்ணாடித் தூசி எழும்பி நெஞ்சுக்குள் போகும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள்.

இனிக் கழுவுதல். அலட்சியமாக விடப்படுகிற வேலை இது, பல தட்டுகள் கெட்டுப்போவதும் இதனால்தான். உருகும் சூட்டில் கண்ணாடியின் மேற்பரப்பு பளிங்குகளாக மாறி வெளிறிப் போவதைப் ‘பூத்துப்போதல்’ என்று சொல்லலாம். 700 பாகைக்கு மேல் நீண்ட நேரம் நின்றால் அது நடக்கும், யன்னல் கண்ணாடிக்கு இன்னும் சீக்கிரம். அது தொடங்க ஒரு அழுக்குப் பொட்டு போதும்: விரல் எண்ணெய், சவர்க்காரத்தின் மிச்சம், தூசி, கிணற்றுத் தண்ணியின் உப்பு. வன்னியின் பல கிணறுகளில் தண்ணி கடினம். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு கண்ணாடியிலும் காய்ந்து படியும். சவர்க்காரம் போட்டுக் கிணற்றுத் தண்ணியில் கழுவி, கடைசி அலசலை மழைத் தண்ணியிலோ காய்ச்சி வடித்த தண்ணியிலோ செய்யுங்கள். கராச்சுகளில் பற்றரிக்கு விடும் தண்ணி அதுதான். அசிற் கலந்ததைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். பிறகு நூல் விடாத துணியால் துடைத்து, ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். சோளகம் அடிக்கிற மே முதல் செப்டம்பர்வரை விறாந்தையில் செம்மண் தூசி நிற்காது வரும். அந்த மாதங்களில் அடுக்கும் வேலையை உள் அறைக்குக் கொண்டுபோங்கள்.

சூளைத் தட்டுக்குப் பூச்சு இல்லாவிட்டால் கண்ணாடி அதோடு ஒட்டிப்போகும், பிறகு இரண்டையும் இழக்கவேண்டும். அலுமினாவும் வெண்களியும் கலந்த பூச்சுத்தூள் ஒரு பங்குக்குத் தண்ணி ஐந்து பங்கு. மென்மயிர்த் தூரிகையால் நெடுக்காக, குறுக்காக, இரண்டு மூலைவாக்கிலும் என்று நான்கு பூச்சு. பிறகு 260 பாகையில் 20 நிமிடம் உலர்த்துங்கள். மாரிகாலத்தில் இதை விடவே கூடாது, ஈரம் மிஞ்சினால் கண்ணாடிக்குக் கீழே ஆவி குமிழாக எழும்பும். தட்டுக்குப் பதிலாகப் பழைய அஸ்பெஸ்ரஸ் கூரைத்தகட்டைப் பாவிக்கும் யோசனை வந்தால் கைவிடுங்கள். அது சூட்டில் வெடிக்கும், நார் சுவாசப்பைக்குள் போகும்.

அடுக்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. முழுதாக உருகிய கண்ணாடி மேற்பரப்பு இழுவிசையால் ஏறத்தாழ 6 மி.மீ. தடிப்பில் நிற்கவே முயலும். 3 மி.மீ. ஒற்றைத் தாளை உருக்கினால் உள்ளுக்கு இழுபட்டு, இடுப்பு ஒடுங்கி, ஓரத்தில் முள் முளைக்கும். இரண்டு தாள் வைத்தால் அளவு மாறாது, மூலை மட்டும் அழகாக உருளும். மூன்று வைத்தால் வெளியே வழியும். மன்னாருக்குப் பக்கத்து மாந்தையில் அகழ்ந்தெடுத்த பழங்காலக் கண்ணாடி மணிகளுக்கும் இதே விசைதான் வேலை செய்தது. நீளக் குழாயாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடுகாட்டும்போது வெட்டு விளிம்பு தானே மழுங்கி மணியாகும்.

ஆகவே ஒருவருக்கு ஒரு கோஸ்டர், அதாவது கோப்பைக்குக் கீழே வைக்கும் சிறு தட்டு: கீழே ஒரு 10 செ.மீ. சதுரம், நடுவே செம்போ இலையோ, மேலே இன்னொரு சதுரம். விரும்பினால் அதற்குமேல் சில சிறு துண்டுகள். ஒன்று 150 கிராம் வரும். 40 செ.மீ. தட்டில் 2 செ.மீ. இடைவெளி விட்டு ஒன்பது கோஸ்டர் அடங்கும். ஆறு உங்களுக்கு, மிச்ச மூன்று இடத்தில் பரிசோதனைத் துண்டுகள் வையுங்கள், ஆனால் அவையும் அதே தடிப்பில் இருக்கட்டும். ஒரு சூளைக்குள் ஒருவர் 6 மி.மீ., ஒருவர் 12 மி.மீ. வைத்தால் ஆறவிடும் கணக்கு குழம்பும். துண்டுகள் நகராமல் இருக்க, ஐந்து மடங்கு தண்ணியில் கரைத்த வெள்ளைப் பசையில் ஒரு பொட்டு, அதுவும் ஓரத்தில். நடுவே வைத்த பசை எரிந்து வெளியேற வழியில்லாமல் சாம்பல் கறையாக நிற்கும்.

6 மி.மீ. யன்னல் கண்ணாடிக்குச் சூட்டுக் கணக்கு, சென்ரிகிரேட்டில்:

மணிக்கு 150 வீதம் 540 வரை, அங்கே 15 நிமிடம்.
மணிக்கு 100 வீதம் 700 வரை, அங்கே 30 நிமிடம்.
மணிக்கு 300 வீதம் 830 வரை, அங்கே 10 முதல் 15 நிமிடம்.
சூளையை நிறுத்தி, திறக்காமல், 550 வரை தானாக இறங்க விடுதல். அங்கே 60 நிமிடம்.
மணிக்கு 60 வீதம் 400 வரை.
பிறகு மூடியபடியே அறைச் சூட்டுக்கு.

முதல் படி மெதுவாக இருப்பது கண்ணாடி வெடிக்காமல் இருக்க. 700இல் நிற்கும் அரை மணித்தியாலம் இரண்டு தாளுக்கு நடுவே இருக்கும் காற்று வெளியேற. மேல்தாள் அப்போதுதான் மெல்லப் படியும். அதைத் தாண்டி ஓடினால் ஓரம் முதலில் ஒட்டி, காற்று அடைபட்டு, உள்ளங்கை அளவு குமிழ் வரும். 550இல் நிற்பதும் அங்கிருந்து மெல்ல இறங்குவதும் இழுவையைத் தளர்த்துவதற்கு. கரண்ட் பில்லைப் பார்த்து இதை மட்டும் சுருக்கவேண்டாம். துண்டுகள் மேலே புடைத்து நிற்கவேண்டுமென்றால் 830க்குப் பதில் 780. ஒவ்வொரு சூளையின் மானியும் பத்துப் பாகை முன்பின் காட்டும் என்பதால், 800ஐத் தாண்டியதும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுப் பார்வைத் துளையால் பாருங்கள். மூலை உருண்டு மேற்பரப்பு நனைந்தமாதிரி மினுங்கினால் போதும். கனடாக் கண்ணாடி 90 வகையென்றால் கணக்கு வேறு: மணிக்கு 220இல் 675, அரை மணித்தியாலம், மணிக்கு 330இல் 804, பத்து நிமிடம், பிறகு 482இல் ஒரு மணித்தியாலம், மணிக்கு 83 வீதம் 370 வரை. 96 வகைக்கு, இழுவை தளர நிறுத்திவைக்கும் சூடு 510.

யன்னல் கண்ணாடிக் கணக்கு 400 பாகைக்கு வரவே ஏறத்தாழ 11 மணித்தியாலம் பிடிக்கும். பிற்பகல் 2 மணிக்குப் போட்டால் இரவு 1 மணி. அதன்பிறகு வன்னி வெக்கையில் 60 பாகைக்குக் கீழே வரக் காலை 10 மணியாவது ஆகும். வகுப்பை முழுநாள் என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் காலை 8 மணி முதல் 1 மணிவரை உங்கள் வேலை, மிச்சமெல்லாம் சூளையின் வேலை. அன்று மாலையே கையோடு கொண்டுபோகலாம் என்று யாருக்கும் சொல்லவேண்டாம். ஆவலில் 200 பாகையில் மூடியைத் திறந்து பார்ப்பதாலும் கோஸ்டர்கள் வெடித்திருக்கின்றன.

மின்சாரம். 3 கிலோவாட் 230 வோல்ற்றில் 13 அம்பியர் இழுக்கும். 13 அம்பியர் பிளக்கின் உச்சமே அதுதான்; மணிக்கணக்காக இழுத்தால் பிளக் கருகும். எக்ஸ்ரென்சன் வயர் கூடவே கூடாது. மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு பிரதான பெட்டியில் இருந்து 4 சதுர மி.மீ. வயரில் 20 அம்பியர் பிறேக்கரோடு தனி இணைப்பு எடுங்கள், நிலத்தொடுப்பும் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தமாக ஐந்து மணித்தியாலம் முழு வலுவில் எரிந்தாலும் 15 யூனிற்தான். ஆறு பேர் பகிர்ந்தால் பாரமில்லை.

இடையில் கரண்ட் போனால் பதறவேண்டாம், திறக்கவும் வேண்டாம். ஏறும்போது போனால், திரும்பி வந்ததும் அப்போதுள்ள சூட்டில் இருந்து மணிக்கு 150 வீதமே தொடருங்கள். உருகி முடிந்து இறங்கும்போது போனால் 550ஐத் தாண்டிக் கீழே போயிருக்கும். அப்போது மணிக்கு 100 வீதம் மறுபடி 550க்கு ஏற்றி, ஒரு மணித்தியாலம் நிறுத்தி, மெல்ல இறக்குங்கள், உடையாதிருந்தால் காப்பாற்றிவிடலாம். அடுத்த நாள் செய்தாலும் பலிக்கும். சில கொன்ட்ரோலர்கள் கரண்ட் வந்ததும் தொடக்கத்தில் இருந்து ஓடத் தொடங்கும், ஆகவே ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். வாடைக்காற்று மழையோடு கரண்ட் அடிக்கடி போகிற ஒக்ரோபர் முதல் டிசம்பர்வரை வகுப்பை வைக்காமல் விடுவது நல்லது.

எடுத்தபின் ஒரு பரிசோதனை. லப்டொப் திரையை வெள்ளையாக்கி, அதன்முன் கோஸ்டரைப் பிடித்து, போலரைஸ்ட் கறுப்புக்கண்ணாடி ஊடாகப் பாருங்கள். திரை இருளும்வரை அந்தக் கறுப்புக்கண்ணாடியைத் திருப்புங்கள். இருளில் கோஸ்டரும் சீராக இருண்டிருந்தால் இழுவை இல்லை. ஒரு துண்டைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் அந்தத் துண்டு வேறு வகை. மூலைகளிலும் ஓரத்திலும் பொதுவாக வெளிச்சம் கசிந்தால் ஆறவிட்டது போதவில்லை, மறுபடி 550க்குக் கொண்டுபோகலாம். கனடாக் கண்ணாடி யன்னல் கண்ணாடியோடு பொருந்துமா என்று பார்க்கவும் இதுவே வழி. மீதியான மூன்று இடங்களில் ஒன்றில், யன்னல் கண்ணாடித் துண்டின்மேல் நகமளவு கலர்த் துண்டு ஒன்றை வைத்துச் சுட்டு, இப்படிப் பாருங்கள். ஒளிவட்டம் எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு பகை.

ஒருவேளை கோஸ்டர் போதாமல் கிண்ணமாக வளைக்க ஆசை வந்தால், அது இரண்டாம் சுடுகை, வேறு நாள். மினுக்கம் பூசாத ஆழமில்லாத மண்சட்டி நல்ல அச்சு. அடியில் ஒரு சிறு துளை போட்டு, சூளைப் பூச்சுப் பூசி, முழுதாக உலர்த்தி, உருக்கிய தட்டை அதன் வாயில் வையுங்கள். யன்னல் கண்ணாடி 710 பாகையளவில் 15 நிமிடத்தில் உள்ளே இறங்கும். பிறகு அதே 550, அதே மெதுவான இறக்கம். சட்டிக்கு உள்ளே மட்டும் வளைக்கவேண்டும். கண்ணாடி மண்ணைவிட அதிகம் சுருங்குவதால் உள்ளே இருந்தால் விலகி நிற்கும். கவிழ்த்த சட்டியின் முதுகில் போர்த்தினால் ஆறும்போது சட்டியை இறுக்கிப் பிடித்து உடையும். மேலே போர்த்தி வளைக்க வேண்டுமென்றால் கறைபடா உருக்குக் கோப்பை வேண்டும், அது கண்ணாடியைவிடக் கூடுதலாகச் சுருங்கித் தானே கழன்றுவிடும்.